சேதராப்பட்டுப் பிள்ளைகளின் மதியச் சோறு: வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கும் பள்ளி உணவு பற்றிய ஓர் ஆய்வு

கேள்வியும் களமும்

பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுப்பது தமிழர் வீடுகளில் விடியலுக்கு முன்பே தொடங்கும் அன்றாட வேலை. எனினும் அது பற்றி எழுதப்படுவனவற்றுள் பெரும்பகுதி புதுப்புதுப் பண்டங்களின் செய்முறையாகவே அமைந்துவிடுகிறது. எந்த உணவு பிள்ளையின் வளர்ச்சிக்குப் போதுமானது, எது அடுப்பிலிருந்து இறங்கிய பின் நண்பகல் வரை கெடாமல் இருக்கும், எதைப் பிள்ளை மிச்சம் வைக்காமல் உண்ணும், அதைச் செய்து கொடுக்க வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது என்பன நான்கு வெவ்வேறு கேள்விகள். ஒன்றுக்கு நல்ல விடையாக அமைவது மற்றொன்றுக்குத் தடையாகிவிடுவதும் உண்டு. சத்து மிகுந்த கீரைக் கூட்டு நண்பகலுக்குள் ஊசிப்போகலாம். ஊசிப்போகாத புளிச்சோற்றில் புரதம் குறைந்திருக்கலாம். இரண்டும் சரியாக அமைந்த அடையைப் பிள்ளை தொடாமலே திருப்பிக் கொண்டுவரலாம். இந்நான்கையும் ஒருசேர நிறைவு செய்யும் உணவே நல்ல மதிய உணவு என்பதும், அதற்கு வேண்டிய பொருளும் முறையும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன என்பதும், நான்காவது கேள்வியை விட்டுவிட்டு முதல் மூன்றை மட்டும் வலியுறுத்தினால் அது தாய்மாரின் சுமையைக் கூட்டுவதிலேயே முடியும் என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகள்.

ஆய்வுக்குக் களமாகக் கொள்ளப்படும் சேதராப்பட்டு, புதுச்சேரியின் ஊர்ப்புறங்களை ஆளும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளுள் ஒன்றான வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்தது. கொம்யூன் என்பது பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்ற உள்ளாட்சி அலகின் பெயர். விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தின் ஊர்களோடு எல்லை பின்னிக் கிடக்கும் இப்பகுதியில், ஒருபக்கம் நெல்லும் மணிலா எனப்படும் நிலக்கடலையும் விளையும் நிலமும், மறுபக்கம் பிப்டிக் எனப்படும் புதுச்சேரி தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டையும் உள்ளன. ஆகவே இங்குள்ள குடும்பங்களில் வயல் வேலையின் நேரமும், தொழிற்சாலை ஷிப்டின் நேரமும், பள்ளி வேனின் நேரமும் ஒரே காலைப்பொழுதில் வந்து மோதுகின்றன. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளியிலேயே மதிய உணவு கிடைக்கிறது. தனியார் பள்ளிக்கு வேனில் செல்லும் பிள்ளையோ வீட்டிலிருந்து கொண்டுசெல்லும் டப்பாவையே முழுவதும் நம்பியிருக்கிறது. ஒரே தெருவில் இவ்விரு வகைப் பிள்ளைகளும் இருப்பதால், இரண்டு உணவையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இவ்வூர் பொருத்தமான களமாகிறது.

கட்டுச்சோறும் பள்ளிச் சோறும்

சமைத்த உணவைக் கட்டி எடுத்துச் சென்று நேரங்கழித்து உண்ணும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. வழிப்பயணத்திற்கான உணவை ஆற்றுணா என்று பழந்தமிழ் குறித்தது. ஆறு என்பது வழி, உணா என்பது உணவு. பிற்காலத்தில் கட்டுச்சோறு என்ற பெயரே பரவலாக நின்றது. மாட்டுவண்டியில் திருவிழாவுக்குச் சென்றவர்களும், நடைப்பயணமாகக் கோயிலுக்குப் போனவர்களும் எடுத்துச் சென்ற கட்டுச்சோற்றில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் முதலிடம் பெற்றன. இத்தேர்வு சுவையை மட்டும் பார்த்துச் செய்யப்பட்டதன்று. புளிப்பு, உப்பு, நல்லெண்ணெய், மஞ்சள், பெருங்காயம் ஆகியவற்றின் சேர்க்கை சோற்றை நெடுநேரம் காக்கும் என்பதைப் பல தலைமுறைப் பட்டறிவு கண்டறிந்திருந்தது. ஆனால் அந்தச் சோறு ஓரிரு நாள் பயணத்துக்கு உரிய உணவு. ஆண்டுக்கு இருநூறு நாளுக்கு மேல் வளரும் பிள்ளையின் மதிய உணவாக அதையே கொடுக்கும்போது அதன் குறைகளும் கணக்கில் வருகின்றன.

பள்ளியிலேயே உணவளிக்கும் மரபு வேறொரு வழியில் வளர்ந்தது. 1920ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கியது. புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் 1930ஆம் ஆண்டிலேயே மதிய உணவுத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. எனவே பள்ளி உணவு என்னும் கருத்து இம்மண்ணுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பழக்கம் உடையது. தமிழ்நாட்டில் காமராசர் ஆட்சி 1956இல் மதிய உணவை மாநிலம் முழுவதற்கும் விரித்ததும், எம்.ஜி.ஆர். ஆட்சி 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியதும் பலரும் அறிந்த வரலாறு. இந்திய அளவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய திட்டம், 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால் சமைத்த உணவு வழங்கும் கடமையாக மாறி, 2021 முதல் பி.எம். போஷண் என்ற பெயரில் நடைபெறுகிறது.

இவ்விரு மரபுகளுக்கும் இடையே உள்ள அடிப்படை வேறுபாடு அளவில் அடங்கியிருக்கிறது. பள்ளிச் சோற்றுக்கு அரசு விதித்த அளவு உண்டு. அரிசி இத்தனை கிராம், பருப்பு இத்தனை கிராம், காய் இத்தனை கிராம் என்று அது எழுதப்பட்டிருக்கிறது. வீட்டுச் சோற்றுக்கு அத்தகைய அளவு எதுவும் இல்லை. வீட்டில் சமைத்தது என்பதாலேயே அது நல்லது என்று கொள்ளப்படுகிறது. இந்நம்பிக்கை எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சான்று உண்டு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவுப் பெட்டிகளை லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பள்ளி உணவுக்கு உரிய தர அளவுகளோடு ஒப்பிட்டு 2020இல் வெளியிட்ட முடிவுப்படி, அவற்றுள் 1.6 விழுக்காடு மட்டுமே அத்தரத்தை எட்டின. அங்குள்ள உணவு வேறு, இங்குள்ள உணவு வேறு. ஆயினும் அன்பு இருக்கும் இடத்திலும் அளவு தவறக்கூடும் என்ற பாடம் இரு நாட்டுக்கும் பொதுவானது.

போதுமான அளவு எது

பி.எம். போஷண் விதிப்படி, தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் ஒருவேளை மதிய உணவு 450 கிலோகலோரி ஆற்றலும் 12 கிராம் புரதமும் தர வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை இவ்வளவு 700 கிலோகலோரியும் 20 கிராமுமாக உயர்கிறது. இதற்காகத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் என்று வகுக்கப்பட்டுள்ளது. கிலோகலோரி என்பது உணவு தரும் ஆற்றலை அளக்கும் அலகு. புரதம் என்பது தசையும் குருதியும் வளரத் தேவையான கட்டுமானப் பொருள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,700 கிலோகலோரியும் 23 கிராம் புரதமும் தேவை. ஆகவே அரசு விதித்த 12 கிராம் என்பது அந்நாளின் புரதத் தேவையில் பாதியை மதிய உணவிலேயே தந்துவிடும் அளவு. காலையும் இரவும் குறைவாக உண்ணும் பிள்ளையையும் அது காக்கிறது.

இவ்வளவுகோலை வழக்கமான ஒரு டப்பாவின் மீது வைத்துப் பார்க்கலாம். 75 கிராம் அரிசியில் வடித்த எலுமிச்சைச் சோறும், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவலும் கட்டப்பட்டதாகக் கொள்வோம். அரிசியிலிருந்து ஏறத்தாழ 265 கிலோகலோரியும் 6 கிராம் புரதமும் கிடைக்கும்; எண்ணெயும் கிழங்கும் சேர்ந்தால் ஆற்றல் 400ஐ நெருங்கிவிடும், ஆனால் புரதம் 7 கிராமைத் தாண்டுவது கடினம். பிள்ளையின் வயிறு நிறைகிறது, டப்பா காலியாகத் திரும்புகிறது, தாயும் மனநிறைவு அடைகிறாள். எனினும் வளர்ச்சிக்கு வேண்டியதில் ஏறத்தாழ பாதி வந்து சேரவில்லை. இதே டப்பாவில் அவித்த முட்டை ஒன்று சேர்ந்தால் 6 கிராம் புரதம் கூடி அளவு நிறைவு பெறுகிறது. முட்டை உண்ணாத வீட்டில் 25 கிராம் வறுத்த மணிலாவோ பொட்டுக்கடலையோ ஏறத்தாழ அதே அளவைத் தந்துவிடும். ஆக, வீட்டு மதிய உணவின் முதன்மையான குறை சோற்றில் இல்லை. சோற்றுக்குத் துணையாக வைக்கும் பொருளில் இருக்கிறது.

புரதத்தின் அளவோடு அதன் தன்மையும் எண்ணத்தக்கது. அமினோ அமிலங்கள் எனப்படும் சிறு கூறுகளால் ஆனது புரதம். அவற்றுள் லைசின் என்பது அரிசியில் குறைவு, பருப்பில் மிகுதி. மெத்தியோனின் என்பது பருப்பில் குறைவு, அரிசியில் போதுமான அளவு. இரண்டும் ஒரே நாளின் உணவில் சேரும்போது ஒன்றன் குறையை மற்றது ஈடு செய்கிறது. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாவு புளிக்கும்போது இரும்புச்சத்தைக் குடல் ஏற்கவிடாமல் தடுக்கும் பைட்டேட் என்னும் பொருளும் குறைகிறது.

இரும்புச்சத்து தனியாகக் கவனிக்கப்பட வேண்டியது. ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளுள் 67.1 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். தமிழ்நாட்டில் இது 57.4 விழுக்காடு, புதுச்சேரியிலும் பாதிக்கு மேல். குருதிச்சோகை என்பது இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்து உடல் சோர்வதும் மனம் ஒன்றாமையும் தோன்றும் நிலை. இக்குழந்தைகளே சில ஆண்டுகளில் பள்ளி வாசலில் நிற்பவர்கள். 10 முதல் 12 வயதுப் பெண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 28 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்றும், அதே வயது ஆண்பிள்ளைக்கு 16 மில்லிகிராம் போதும் என்றும் பரிந்துரை கூறுகிறது. வீட்டில் முட்டையும் மீனும் முதலில் மகனின் தட்டுக்குப் போகும் வழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால், அது இக்கணக்குக்கு நேர் எதிரானது. செடிகொடிகளிலிருந்து வரும் இரும்புச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் சி துணைசெய்கிறது. ஆதலால் சோற்றை இறக்கிய பின் பிழியும் எலுமிச்சையும், டப்பாவின் மூலையில் வைக்கும் இரண்டு துண்டு கொய்யாவும் மருந்துக்கு நிகரான பயன் தருகின்றன. எலுமிச்சையை அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் சூட்டில் அவ்வைட்டமின் அழிவதோடு சோறும் கசக்கும்.

அடுப்புக்கும் வாய்க்கும் இடையே ஐந்து மணி நேரம்

காலை ஏழு மணிக்கு வேன் வருமானால் டப்பா ஆறே முக்காலுக்குள் மூடப்பட வேண்டும். பிள்ளை அதைத் திறப்பது பன்னிரண்டுக்கு மேல்தான். கோடையில் மூடிய வேனிலும் வகுப்பறையிலும் ஐந்து மணி நேரம் இருக்கும் உணவுக்கு, அடுப்பிலிருந்து நேராகப் பரிமாறும் பள்ளிச் சோற்றுக்கு இல்லாத ஓர் இடர் உண்டு. உணவில் கிருமிகள் விரைந்து பெருகும் வெப்பநிலை 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலானது. புதுச்சேரியின் காலைப்பொழுது முழுவதும் இவ்வெல்லைக்குள் அடங்கும். சோற்றைப் பொறுத்தவரை பேசில்லஸ் செரியஸ் என்னும் கிருமி குறிப்பிடத்தக்கது. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தங்கி, சோறு மிதமான சூட்டில் நெடுநேரம் கிடக்கும்போது முளைத்து நஞ்சை உண்டாக்குகின்றன. வாந்தியை விளைவிக்கும் அந்நஞ்சு பின்னர்ச் சூடுபடுத்தினாலும் அழிவதில்லை. முந்தைய நாள் இரவில் மிஞ்சி வெளியே கிடந்த சோற்றைக் காலையில் தாளித்துக் கட்டுவது ஏன் தவறு என்பதற்கு இதுவே காரணம்.

இவ்விடரைக் குறைக்கும் வழிகள் கட்டுச்சோற்று மரபிலேயே உள்ளன. முதலாவது ஆறவைத்தல். வடித்த சோற்றை அகலமான தாம்பாளத்தில் பரப்பி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, ஆவி அடங்கிய பின்னரே கலந்து மூடுவது பழைய முறை. சூட்டோடு மூடினால் ஆவி நீராகி மூடியின் உட்புறம் முத்துமுத்தாகத் தங்கிச் சோற்றில் சொட்டும். அந்த ஈரமே ஊசிப்போதலுக்குத் தொடக்கம். இரண்டாவது புளிப்பு. புளியிலும் எலுமிச்சையிலும் தயிரிலும் உள்ள அமிலங்கள் கிருமிகள் பெருகுவதை மட்டுப்படுத்துகின்றன. தயிர்ச்சோற்றுக்குக் காலையில் தயிரை நிறைய ஊற்றாமல், காய்ச்சி ஆறிய பாலை விட்டு ஒரு கரண்டித் தயிரைப் பிரைமோராகச் சேர்த்துக் கலந்தால், நண்பகலில் அது அளவான புளிப்போடு உறைந்திருக்கும். மூன்றாவது ஈரத்தைக் குறைத்தல். தேங்காய்ச் சட்டினியும் கூட்டும் குழம்பும் முதலில் கெடுபவை. வறுத்தரைத்த துவையலும், பருப்புப் பொடியும், எள்ளுப் பொடியும் தாங்குபவை. பொரியலில் தேங்காய்த் துருவலுக்குப் பதிலாக வறுத்துப் பொடித்த மணிலாவைத் தூவினால் கெடும் வேகம் குறைவதோடு புரதமும் கூடுகிறது.

இதே சிக்கலைப் பிற நாட்டவரும் ஏறத்தாழ இதே வழியில் தீர்த்துள்ளனர். ஜப்பானியர் பெந்தோ எனப்படும் உணவுப் பெட்டியில் சோற்றை ஆறவைத்தே மூடுகின்றனர். சோற்றின் நடுவில் உமெபோஷி என்னும் புளிப்பும் உப்பும் மிகுந்த ஊறுபழத்தை வைக்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. மும்பையில் 1890 முதல் இயங்கிவரும் டப்பாவாலாக்கள் வேறு வழி கண்டனர். அவர்கள் காலை நேரம் கடந்த பின் வீட்டிலிருந்து டப்பாவை எடுத்துச் சென்று நண்பகலில் சேர்ப்பதால் ஐந்து மணி நேரம் இரண்டு மூன்றாகச் சுருங்குகிறது. பள்ளி அருகில் இருக்கும் ஊர்களில் ஆயாவோ தாத்தாவோ நண்பகல் மணிக்குத் தூக்கோடு பள்ளி வாசலில் நிற்பதும் இதே தீர்வின் எளிய வடிவம்.

பாத்திரமும் உணவின் பகுதியாகவே எண்ணத்தக்கது. எவர்சில்வர் டப்பா புளிப்போடு வினைபுரிவதில்லை, நாற்றம் பிடிப்பதில்லை, கொதிநீரில் கழுவத் தாங்கும். புளிப்பான உணவு அலுமினியப் பாத்திரத்தின் உலோகத்தைச் சிறிது அரித்து ஏற்றுக்கொள்ளும். சூடான உணவைத் தரம் தெரியாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைப்பதும் நல்லதன்று. மூடியின் ரப்பர் வளையத்தில் அழுக்கு தங்கும் என்பதால் அதைக் கழற்றிக் கழுவிக் காயவைப்பது சமையலின் தூய்மைக்கு இணையான கவனத்தைப் பெற வேண்டும்.

ஊரில் விளைவதும் டப்பாவுக்குள் வருவதும்

வானூர், திண்டிவனம் பகுதியின் செம்மண் மானாவாரி நிலங்களில் மணிலா நெடுங்காலமாகப் பயிராகிறது. பேச்சுவழக்கில் மல்லாட்டை என்று வழங்கும் இதற்கெனத் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே உள்ளது. தன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம் கொண்ட இப்பயிர் சேதராப்பட்டின் வாசலிலேயே விளையும்போது, பிள்ளையின் டப்பாவில் புரதக் குறை நீடிப்பது வருந்தத்தக்கது. அவித்த மல்லாட்டை, வறுத்துப் பொடித்த பொடி, வெல்லப்பாகில் பிடித்த உருண்டை, துவையல் என எல்லா வடிவிலும் அது டப்பாவுக்குப் பொருந்தும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் தேவை. பூஞ்சை பிடித்த கொட்டையில் அஃப்ளாடாக்சின் என்னும் கல்லீரல் நஞ்சு இருக்கக்கூடும் என்பதால் கறுத்ததையும் சுருங்கியதையும் பொறுக்கி எறிய வேண்டும்; மழலை வகுப்புப் பிள்ளைக்கு முழுக்கொட்டை தொண்டையில் அடைக்கக்கூடும் என்பதால் பொடித்தே தர வேண்டும். அரிதாகச் சில பிள்ளைகளுக்கு இது ஒவ்வாது. அத்தகைய பிள்ளைக்குப் பயறும் முட்டையும் மாற்றாகும்.

அடுத்தது கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அரிசியிலும் கோதுமையிலும் இதன் சிறு பகுதியே உண்டு. 50 கிராம் மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் சேர்த்துத் தட்டும் அடை, 7 முதல் 9 வயதுப் பிள்ளையின் ஒருநாள் கால்சியத் தேவையான 650 மில்லிகிராமில் கால் பங்கைத் தந்துவிடும். கீரையைக் கூட்டாகக் கட்டினால் கெடும். அடைக்குள் வெந்து ஈரம் வற்றிய கீரை நண்பகல் வரை தாங்கும். வட தமிழகத்து வீடுகளில் நெடுநாள் பழகிய கேழ்வரகு அடை, சத்து, தாங்கும் தன்மை, விலை ஆகிய மூன்றையும் ஒருங்கே நிறைவு செய்வதால் டப்பாவுக்கென்றே வகுத்தது போல அமைகிறது.

இவற்றைக் கொண்டு ஒரு வாரத்தை வகுத்துப் பார்க்கலாம். திங்கட்கிழமை எலுமிச்சைச் சோறும் அவித்த முட்டையும் அவரைக்காய்ப் பொரியலும். செவ்வாய்க்கிழமை முருங்கைக்கீரைக் கேழ்வரகு அடையும் மல்லாட்டைத் துவையலும் வாழைப்பழமும். புதன்கிழமை கேரட் துருவிப் போட்ட தயிர்ச்சோறும் காராமணிச் சுண்டலும். வியாழக்கிழமை புளிச்சோறும் கொண்டைக்கடலையும் வெண்டைக்காய் வதக்கலும். வெள்ளிக்கிழமை நல்லெண்ணெயில் குழைத்த பருப்புப் பொடி தடவிய இட்லியும் கொய்யாவும். எந்நாளும் ஒரு தானியம், ஒரு புரதத் துணை, ஒரு காயோ கீரையோ பழமோ என்ற மூன்றும் அமைந்தால் பண்டத்தின் பெயர் எதுவாக இருப்பினும் கணக்கு நிறைவு பெறும். தை மாதத்தில் பனங்கிழங்கும், அந்தந்தப் பருவத்தில் நாவலும் பப்பாளியும் சேரும்போது, கடையில் வாங்கும் பாக்கெட் தீனிக்கு இடம் தானாகவே குறையும்.

பிள்ளை உண்ண வேண்டும்

டப்பா காலியாகத் திரும்புவதே உணவின் இறுதித் தேர்வு. பிள்ளைகள் பழகாத உணவை மறுப்பது பிடிவாதத்தால் மட்டும் நிகழ்வதன்று. புதிய உணவின் மீது இயல்பாகத் தோன்றும் தயக்கத்தை உளவியலாளர் புதுமை அச்சம் என்று குறிக்கின்றனர். அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச்சும் அவர் வழிவந்தோரும் செய்த ஆய்வுகள், ஓர் உணவு வற்புறுத்தலின்றிப் பலமுறை முன்வைக்கப்பட்டால் மறுப்பு மெல்லத் தளர்கிறது என்றும், அதற்குப் பத்து முறைக்கு மேலும் ஆகலாம் என்றும் காட்டின. ஆகவே ஒருமுறை திரும்பி வந்த சுண்டலை அத்தோடு கைவிடுவது அவசரமான முடிவு. முதலில் விடுமுறை நாளில் வீட்டில் எல்லோரோடும் உண்ணக் கொடுத்து, பழகிய பின் சிறிதளவு டப்பாவில் வைப்பதே பொருத்தம். உணவியல் வல்லுநர் எல்லின் சாட்டர் வகுத்த பொறுப்புப் பகிர்வும் இங்குப் பயன்படும்: எதை, எப்போது, எங்கே தருவது என்பது பெற்றோர் பொறுப்பு, தந்ததில் எவ்வளவு உண்பது என்பது பிள்ளையின் உரிமை.

அழகும் எளிமையில் உள்ளது. தயிர்ச்சோற்றின் வெண்மையில் கேரட்டின் செம்மையும் கொத்தமல்லியின் பசுமையும் தெரிந்தால் போதும். சோற்றைப் பொம்மையாகச் செதுக்க வேண்டியதில்லை. இருபது முப்பது நிமிட இடைவேளைக்குள் பிள்ளை தன் கையால் எடுத்துச் சிந்தாமல் உண்ணும் வடிவம் அழகினும் முதன்மையானது. தடித்த சப்பாத்தியும், உரிக்கத் தெரியாத பழமும், திறக்க வராத மூடியும் உண்ணாமைக்குக் காரணமாவது உண்டு. நண்பர்களின் பார்வைக்கும் ஓர் இடம் உண்டு. கேழ்வரகு ஏழைகளின் உணவு என்ற பழைய இழிவு ஒரு வகுப்பறைக்குள் ஏளனமாக ஒலித்தால், மறுநாள் அந்த அடை டப்பாவுக்குள் நுழையாது. அதை மாற்றும் ஆற்றல் வீட்டைவிட ஆசிரியரிடமே மிகுதியாக உள்ளது.

யாருடைய காலைப்பொழுது

மேலே கூறிய அனைத்தும் ஒருவரின் காலை நேரத்திலிருந்தே வர வேண்டியவை. 2019ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட, அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமே செலவிட்டனர். தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்டுக்குப் போக வேண்டிய தாய், தன் டப்பாவையும் கணவனின் டப்பாவையும் பிள்ளைகளின் டப்பாக்களையும் ஒரே அடுப்பில் முடித்தாக வேண்டும். அவளிடம் நாளுக்கொரு புதுப் பண்டம் கேட்பது நியாயமாகாது.

எனவே தீர்வு, காலையிலிருந்து வேலையை வெளியே எடுப்பதில் உள்ளது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தில் பருப்புப் பொடியும் மல்லாட்டைப் பொடியும் புளிக்காய்ச்சலும் செய்துவைத்தால் வாரத்தின் மூன்று நாள் டப்பாக்கள் ஏறத்தாழ ஆயத்தமாகிவிடும். புளிக்காய்ச்சல் எண்ணெய் மிதக்க வற்றினால் வாரங்கள் தாங்கும். கொண்டைக்கடலையையும் காராமணியையும் இரவில் ஊறவைக்கவும், கொட்டையைப் பொறுக்கவும், முட்டையை அவிக்கவும், டப்பாவைக் கழுவிக் கவிழ்க்கவும் தந்தைக்குத் தனித் திறமை எதுவும் வேண்டியதில்லை. எட்டு வயதுக்கு மேற்பட்ட மகனும் மகளும் தம் டப்பாவைத் தாமே நிரப்பலாம். தான் அடுக்கியதைப் பிள்ளை மிச்சம் வைப்பதும் குறையும். வீட்டில் முதியோர் இருப்பின் அவர்களின் கைப்பக்குவம் இவ்வேலைக்குப் பெருந்துணை.

வீட்டுக்கு வெளியே உள்ள பொறுப்புகளும் சிறியன அல்ல. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தீனிகளைப் பள்ளி வளாகத்திலும் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கலாகாது என்று உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. சத்தான டப்பாவுக்குப் போட்டியாக ஐந்து ரூபாய் பாக்கெட் வாசலிலேயே தொங்குவதைத் தடுக்க இவ்விதி போதுமானது, நடைமுறையில் அது நிறைவேறினால். பள்ளிகள் உணவு இடைவேளையை அரை மணிக்குக் குறையாமல் வைப்பதும், கை கழுவ நீரும் சோப்பும் தருவதும், டப்பாக்களை வெயில் படாத காற்றோட்டமான அடுக்கில் வைக்கச் செய்வதும் செலவு மிகுந்த சீர்திருத்தங்கள் அல்ல. ஜப்பான் 1954இல் பள்ளி உணவுக்கும் 2005இல் உணவுக் கல்விக்கும் தனிச் சட்டம் இயற்றி, உண்பதையே பாடவேளையின் பகுதியாக்கியது. அங்குப் பிள்ளைகளே முறைவைத்துப் பரிமாற, ஆசிரியரும் அவர்களோடு அமர்ந்து அதே உணவை உண்கிறார். 1930லேயே பிள்ளைகளுக்குச் சோறிட்ட புதுச்சேரிக்கு அத்தகைய ஒழுங்கு எட்டாததன்று.

முடிவுரை

சேதராப்பட்டின் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு எழுதப்பட்ட அளவு உண்டு. வேனில் செல்லும் பிள்ளைக்கு அது இல்லை. முதற்பிள்ளைக்கு உரிய அளவையே இரண்டாம் பிள்ளையின் டப்பாவுக்கும் வீட்டார் அளவுகோலாகக் கொள்வது இவ்வாய்வின் முதல் பரிந்துரை. கெடாமல் காக்கும் அறிவைக் கட்டுச்சோற்று மரபு ஏற்கெனவே தந்துவிட்டது. அதில் குறைவாக உள்ள புரதத்தையும் கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் மல்லாட்டையும் பயறும் முட்டையும் கேழ்வரகும் முருங்கையும் நிறைவு செய்கின்றன. இவற்றுள் எதற்கும் நகரத்து அங்காடிக்குப் போக வேண்டியதில்லை. எஞ்சி நிற்பது நேரம் ஒன்றே. அதை ஒரு தாயின் விடியற்காலையிலிருந்து மட்டும் பறிக்காமல் வீட்டில் உள்ள அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இன்றிரவு படுக்கைக்குப் போகுமுன் ஒருபிடி பயறை ஊறப்போடும் கை தந்தையின் கையாக இருக்கட்டும்.